ட்ரோபோனின் அறிக்கையைப் படிப்பது எப்படி: இதய இரத்தப் பரிசோதனைகளின் கட்-ஆஃப் எண்களுக்கு ஒரு வழிகாட்டி

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவரின் கோப்பில், இதயத் தசை புண்பட்டால் இரத்தத்தில் கசியும் புரதமான ட்ரோபோனின் என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். அதன் எதிரே ஓர் எண்ணும், எண்ணுக்கு அருகே ஓர் எல்லையும், எல்லையைத் தாண்டியிருந்தால் தடித்த எழுத்தில் ஒரு 'ஹெச்'சும் அச்சாகியிருக்கும். அந்த ஒற்றை எழுத்தைக் கண்டு குடும்பமே ஆடிப்போவதையும், அது இல்லை என்ற நிம்மதியில் வலியையே அலட்சியம் செய்வதையும், ஆய்வகத்தில் முடிவுகளுக்குக் கையொப்பமிடும் வேலையில் இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன். முதன்முறையாக இத்தகைய அறிக்கையைக் கையில் எடுப்பவர் அதை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இப்போதே இருக்கின்றன என்றால் இக்கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையை அடைந்த பத்து நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பதே நெறிமுறை. இசிஜி-யில் தெளிவான மாரடைப்பு தெரிந்தால், ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். நெஞ்சுவலிக்கு வீட்டிலிருந்தபடியே தனியார் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் வரும் முடிவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது மிக ஆபத்தான பழக்கம்.

கட்-ஆஃப் என்பது என்ன வகை எண்

கட்-ஆஃப் என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. பொறியியல் சேர்க்கையில் 200-க்கு 185 எடுத்த பிள்ளைக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. அடுத்த ஆண்டு அதே மதிப்பெண்ணுக்கு வேறு பதில் வரும். மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது, கேட்கப்பட்ட இடம்தான் மாறுகிறது. இரத்தப் பரிசோதனையின் எல்லையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பொருளுக்குப் பல எல்லைகள் இருக்கின்றன.

எல்லையைக் கீழே இறக்கினால் நோய் உள்ள எவரும் தப்பமாட்டார், ஆனால் நோய் இல்லாத பலரும் அதில் மாட்டுவர். மேலே ஏற்றினால் மாட்டுபவர் பெரும்பாலும் உண்மையான நோயாளியாகவே இருப்பார், ஆனால் சில நோயாளிகள் நழுவிவிடுவர். ஆகவே, 'மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிடலாமா' என்ற கேள்விக்குத் தாழ்ந்த எல்லையும், 'மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டு உடனே செயல்படலாமா' என்ற கேள்விக்கு உயர்ந்த எல்லையும் வைக்கப்படுகின்றன. அறிக்கையில் அச்சாகும் எல்லையோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது எண்.

அந்த மூன்றாவது எண் எப்படி வருகிறது? உடல்நலமுள்ள நூறு பேரை ட்ரோபோனின் அளவின்படி வரிசையாக நிறுத்தினால், தொண்ணூற்றொன்பதாவது ஆளின் அளவே எல்லையாகிறது. இதை 99-ஆவது நூற்றுமானம் என்பர். 2018-இல் வெளியான மாரடைப்புக்கான நான்காவது உலகளாவிய வரையறையும் இந்த எல்லையையே கொள்கிறது. நலமாக இருக்கும் நூறு பேரில் ஒருவருக்கு எந்த நோயும் இல்லாமலேயே 'ஹெச்' விழும் என்பது இந்த வரையறைக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் படி: எந்த ட்ரோபோனின், எந்த முறை

எண்ணைப் பார்க்கும் முன் பரிசோதனையின் முழுப் பெயரைப் படியுங்கள். இதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனினில் பரிசோதனைக்குரியவை 'டி', 'ஐ' என இரண்டு. இரண்டும் வேறு வேறு புரதங்கள் என்பதால் ஒன்றின் எண்ணை மற்றதன் எல்லையோடு ஒப்பிடவே கூடாது. ட்ரோபோனின் ஐ-க்குப் பல நிறுவனங்களின் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா.

அடுத்து 'ஹை சென்சிட்டிவ்' என்ற அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய உயர் உணர்திறன் முறைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: 99-ஆவது நூற்றுமான அளவில் அதன் அளவீட்டுச் சிதறல், அதாவது ஒரே இரத்தத்தைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் வேறுபாடு, 10 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும்; நலமுள்ள ஆண்களிலும் பெண்களிலும் தனித்தனியே பாதிப்பேருக்காவது ட்ரோபோனினை அளந்து காட்ட முடிய வேண்டும். சிறிய ஊர்களில் இன்னும் பயன்படும் 'ட்ராப்-டி கார்டு' இந்த வகையில் சேராது. ஒரு கோடு விழுந்தால் நெகட்டிவ், இரண்டு விழுந்தால் பாசிட்டிவ் என்று மட்டுமே அது சொல்லும். இரண்டாவது கோடு தெரிவதற்கு உயர் உணர்திறன் முறையின் எல்லையைப்போல் பல மடங்கு ட்ரோபோனின் இரத்தத்தில் இருக்க வேண்டும். கார்டு நெகட்டிவ் என்பதற்குப் பொருள் அந்த அளவுக்கு இன்னும் ஏறவில்லை என்பது மட்டுமே.

ஒரே முறைக்குக்கூட எல்லை நாட்டுக்கு நாடு மாறுவது உண்டு. ரோஷ் நிறுவனத்தின் எலெக்சிஸ் உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி-க்கு ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழக்கமாக அச்சாகும் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். அதே பரிசோதனைக்கு 2017 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஏற்கப்பட்ட எல்லை 19. ஆண்களுக்குத் தனியாக 22, பெண்களுக்கு 14. அமெரிக்காவிலிருக்கும் மகன் தன் அறிக்கையையும் மதுரையிலிருக்கும் அப்பாவின் அறிக்கையையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது எழும் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: அலகு

ஒருமுறை ஓர் இளைஞர் இரண்டு அறிக்கைகளோடு என் மேசைக்கு ஓடிவந்தார். காலையில் ஓர் ஆய்வகத்தில் எடுத்ததில் 0.020 என்றும், மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் 18 என்றும் இருந்தது. "சார், மூணு மணி நேரத்துல அப்பாவுக்குத் தொள்ளாயிரம் மடங்கு ஏறிடுச்சு" என்றார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, எண்ணுக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றேன். முதல் தாளில் என்ஜி/எம்எல், இரண்டாவதில் என்ஜி/எல்.

ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 1000 நானோகிராம். ஆகவே 0.020 என்பதை ஆயிரத்தால் பெருக்க 20 வரும். அவருடைய அப்பாவின் அளவு ஏறவே இல்லை, 20-லிருந்து 18-க்கு வந்திருந்தது. பிஜி/எம்எல் என்று அச்சாகியிருந்தால் அது என்ஜி/எல்-க்குச் சமம். எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எந்த இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுவதானாலும், ஒரு பென்சிலை எடுத்து இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றி ஓரத்தில் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை.

மூன்றாம் படி: மணி எத்தனை

அறிக்கையில் மூன்று நேரங்கள் இருக்கக்கூடும்: இரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், முடிவு அச்சான நேரம். நமக்கு வேண்டியது முதலாவது மட்டுமே. அதோடு, அறிக்கையில் எங்கும் இல்லாத நான்காவது நேரம் ஒன்று உண்டு; வலி எப்போது தொடங்கியது என்பது. அது நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

தசை காயமடைந்த கணமே ட்ரோபோனின் இரத்தத்தில் நிரம்பிவிடுவதில்லை. பழைய முறைகளில் அது எல்லையைத் தாண்டித் தெரிய 4 முதல் 6 மணி நேரம் ஆகலாம். உயர் உணர்திறன் முறைகளில் இந்த இடைவெளி 1 முதல் 3 மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. ஏறியபின் ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம்கூட, இறங்காமல் நிற்கும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சாதாரண அளவு வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்து நாள் கழித்து எடுத்ததில் உயர்ந்த அளவு வந்தால், அது நேற்றைய வலிக்குரியதா, போன வாரத்து 'வாயு'வுக்குரியதா என்று கேட்க வேண்டும்.

நான்காம் படி: எண்ணைவிட அசைவு

இங்கே சற்று நின்று படிக்க வேண்டும். ட்ரோபோனினை ஒருமுறை அளப்பது, ஏணியில் நிற்பவரை ஒரே ஒரு புகைப்படம் எடுப்பது போன்றது. அவர் ஏறுகிறாரா, இறங்குகிறாரா, அங்கேயே நிற்கிறாரா என்பது அதில் தெரியாது. மாரடைப்பு என்று சொல்வதற்கு, ஒரு முறையாவது 99-ஆவது நூற்றுமானத்தைத் தாண்டிய அளவோடு, ஏற்றமோ இறக்கமோ இருந்தாக வேண்டும். கூடவே வலி, இசிஜி மாற்றம், எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரியும் குறை போன்றவற்றில் ஒன்றாவது வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல் உயர்ந்த அளவிலேயே நிற்பது நாள்பட்ட இதயத் தசைக் காயத்தைக் காட்டுகிறது.

ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் ஒரு மணி நேர முறை இந்த அசைவை எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பதை எலெக்சிஸ் ட்ரோபோனின் டி-யை வைத்துப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் லிட்டருக்கு நானோகிராம். வந்தவுடன் எடுத்த அளவு 5-க்குக் கீழே இருந்து, வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், மாரடைப்பு மிகவும் அரிது என்று கொள்ளலாம். முதல் அளவு 12-க்குக் கீழே இருந்து, ஒரு மணி நேரத்தில் மாற்றம் 3-க்குக் குறைவாக இருந்தாலும் அப்படியே. முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல் என்றாலோ, ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் மாறினாலோ, மாரடைப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. இவற்றில் எதிலும் அடங்காதவர் கண்காணிப்பில் வைக்கப்பட்டு மூன்றாம் மணி நேரத்தில் மீண்டும் இரத்தம் கொடுப்பார். அறிக்கையில் அச்சான 14 இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சான எல்லையைத் தாண்டாமலே 8-லிருந்து 13-க்கு ஒரு மணி நேரத்தில் ஏறியவர், அளவு 20-லேயே நிற்கும் ஒருவரைவிட அதிகக் கவனத்துக்குரியவர்.

இந்த எண்கள் இந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியவை. அபாட் நிறுவனத்தின் ஆர்க்கிடெக்ட் ட்ரோபோனின் ஐ-க்கு இதே முறையில், மேலே சொன்ன 5, 12, 3, 52, 5 என்பதற்குப் பதிலாக 4, 5, 2, 64, 6 என்று வேறு வரிசை இருக்கிறது. ஒன்றை மனப்பாடம் செய்து மற்றதில் பயன்படுத்துவதைவிட எதையும் நினைவில் வைக்காமலிருப்பது மேல்.

அசைவைப் படிக்கும்போது கருவியின் சிதறலையும் நினைவில் கொள்ள வேண்டும். 10 விழுக்காடு சிதறல் உள்ள அளவீட்டில், ஒரே குழாயிலிருந்து இரண்டு முறை அளந்தால் ஒருமுறை 13 என்றும் மறுமுறை 15 என்றும் வரலாம். ஒன்றில் 'ஹெச்' இல்லை, மற்றதில் உண்டு. ஏற்கெனவே அளவு உயர்ந்திருப்பவரிடம் 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினால்தான் அதை உண்மையான ஏற்ற இறக்கமாகக் கருதுவது வழக்கம். அந்த இளைஞரின் தந்தைக்கு 20-லிருந்து 18 என்பது 10 விழுக்காடு மட்டுமே.

ஐந்தாம் படி: யாருடைய இரத்தம்

அந்தத் தந்தைக்குப் பல ஆண்டுச் சர்க்கரை நோய் இருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4 என்று உயர்ந்திருந்தது. கோப்பைப் புரட்டியபோது முந்தைய ஆண்டு அறிக்கை ஒன்றிலும் ட்ரோபோனின் 19 என்றே இருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இப்படி எல்லைக்கு மேலேயே நிரந்தரமாக ஓர் அளவு நிற்பது சாதாரணம். அது கெடுதல் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இதயம் மெல்ல மெல்லச் சுமை தாங்குவதன் அடையாளம் அது. ஆனால் அன்றைக்கு நேர்ந்த மாரடைப்பின் அடையாளம் அன்று. மருத்துவர்களும் இசிஜி, எக்கோ, இரண்டு அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒருவருக்கு அவருடைய சென்ற ஆண்டு எண்ணைவிடச் சிறந்த எல்லை கிடைக்காது.

இதய செயலிழப்பு, இதயத் தசை அழற்சி, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி, கடும் தொற்று, மிக வேகமான இதயத் துடிப்பு ஆகியவற்றிலும், மாரத்தான் ஓடி முடித்த நலமான மனிதரிடத்திலும்கூட ட்ரோபோனின் உயரும். இதயத் தசை புண்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை.

பால் வேறுபாடும் உண்டு. மேற்சொன்ன ஆர்க்கிடெக்ட் முறையில் 99-ஆவது நூற்றுமானம் ஆண்களுக்கு ஏறத்தாழ 34, பெண்களுக்கு 16, இருவரையும் சேர்த்தால் 26. ஒரு பெண்ணுக்கு 25 என்று வந்தால், பொது எல்லை மட்டும் அச்சிடும் ஆய்வகத்தில் 'ஹெச்' விழாது. பெண்களுக்கான எல்லையை அச்சிடும் ஆய்வகத்தில் விழும். "அம்மாவுக்கு நார்மல்தான்" என்று மடித்து வைக்கும் முன் எந்த எல்லை அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: முன்பே இருந்த ஐயம் எவ்வளவு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நோய் உள்ள 100 பேரில் 95 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாகப் பிடிக்கும் ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் 'ஃபுல் பாடி செக்-அப்' செய்ய வந்த 1000 பேரில் 20 பேருக்கு நோய் இருக்கிறது என்றால், சரியாகப் பிடிபடுவோர் 19, தவறாக மாட்டுவோர் 98. மொத்தப் பாசிட்டிவ் 117. அதில் ஆறில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே பரிசோதனையை, பொருத்தமான நெஞ்சுவலியோடு வந்த, 300 பேருக்கு நோய் உள்ள 1000 பேரிடம் செய்தால், சரியாகப் பிடிபடுவோர் 285, தவறாக மாட்டுவோர் 70. ஐந்தில் நால்வருக்கு நோய் உண்மை. கருவியும் எல்லையும் மாறவில்லை, பாசிட்டிவ் என்ற சொல்லின் எடை மட்டும் மாறிவிட்டது. தொந்தரவே இல்லாதவருக்குச் சலுகைத் தொகுப்பில் ட்ரோபோனினைச் சேர்த்து விற்பதை நான் விரும்பாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எண்ணே பொய்யாகும் இடங்கள்

முடி உதிர்வதற்காகப் பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை, பயோட்டினையே பிணைப்பாகப் பயன்படுத்தும் சில பரிசோதனை முறைகளில் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுகுறித்து 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்தக் குறுக்கீட்டைத் தாங்கும்படி சில பரிசோதனைகள் திருத்தப்பட்டன. இருந்தாலும் மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மறுபுறம், சிலருடைய இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அளவைப் போலியாக உயர்த்திக் காட்டும். வலி, இசிஜி, எக்கோ எதுவும் பொருந்தாமல் எண் மட்டும் அசையாமல் உயர்ந்தே நின்றால், வேறு நிறுவனத்தின் முறையில் ஒருமுறை அளந்து பார்க்கும்படி ஆய்வகத்தைக் கேட்பது நியாயமே.

மூச்சுத்திணறலுக்கு எடுக்கும் என்டி-ப்ரோபிஎன்பி

இதய செயலிழப்பைத் தேடும் இந்தப் பரிசோதனையில் எல்லைகள் இன்னும் வெளிப்படையாகவே பலவாக இருக்கின்றன. திடீர் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு 300 பிகோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் இதய செயலிழப்பு பெரும்பாலும் இல்லை. இதற்கு வயது பார்ப்பதில்லை. இருக்கிறது என்று சொல்வதற்கோ வயது வேண்டும்: 50-க்குக் கீழே 450, 50 முதல் 75 வரை 900, 75-க்கு மேல் 1800. மெல்ல மெல்ல வந்த களைப்போடு வெளிநோயாளியாக வந்தவருக்கு விலக்கும் எல்லை 125. அறிக்கையில் பெரும்பாலும் இந்த 125 மட்டுமே அச்சாகும்; 80 வயதுப் பாட்டிக்கு 700 என்று வந்து 'ஹெச்' விழுந்தால், அவர் எந்த நிலையில் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதை வைத்தே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த அளவு இயல்பாகவே குறைந்திருக்கும். சிறுநீரகக் குறைவிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பிலும் கூடியிருக்கும். பெயரில் நெருங்கிய உறவுக்காரரான பிஎன்பி வேறு பரிசோதனை. அவசரப் பிரிவில் அதன் விலக்கும் எல்லை 100. இதய செயலிழப்புக்கான சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் மாத்திரை எடுப்பவருக்கு, பிஎன்பி-யைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்தே தடுப்பதால் பிஎன்பி கூடும். ஆகவே அவர்களைக் கண்காணிக்க என்டி-ப்ரோபிஎன்பி-யே பொருத்தம்.

டி-டைமர், சிகே-எம்பி

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி இல்லை என்று விலக்க, இரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் புரதத் துண்டான டி-டைமரை அளப்பதுண்டு. அதன் வழக்கமான எல்லை 500 நானோகிராம்/மில்லிலிட்டர். 50 வயதைக் கடந்தவருக்கு, மருத்துவரின் ஐயம் பலமாக இல்லாதபோது, வயதைப் பத்தால் பெருக்கிய எண்ணை எல்லையாகக் கொள்ளலாம். 78 வயதுக்காரருக்கு 640 என்றால் அச்சில் 'ஹெச்', அவருக்குரிய எல்லையான 780-க்கோ கீழே. இந்தக் கணக்கு எஃப்இயு என்ற அலகுக்கு மட்டுமே பொருந்தும். டிடியு என்று அச்சாகியிருந்தால் எண்கள் ஏறக்குறைய பாதியாகும். இதயத் தசைக் காயத்துக்கான பழைய பரிசோதனையான சிகே-எம்பி-யைப் பொறுத்தவரை, ட்ரோபோனின் கிடைக்கும் இடத்தில் மாரடைப்பைக் கண்டறிய அதற்கு இன்று பெரிய வேலை இல்லை.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு வெள்ளைத் தாளில் நான்கு பத்திகள் போட்டு, இரத்தம் எடுத்த நாளும் மணியும், பரிசோதனையின் முழுப் பெயர், ஒரே அலகுக்கு மாற்றிய எண், அந்த ஆய்வகம் அச்சிட்ட எல்லை ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். தாளின் தலைப்பில் வலி தொடங்கிய மணியும், அடியில் கடைசி கிரியேட்டினினும், சாப்பிடும் மாத்திரைகளும் இருக்கட்டும். பயோட்டினை மறக்க வேண்டாம். பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொன்னால், முடிந்தவரை அதே ஆய்வகத்திலேயே எடுங்கள். மருத்துவரிடம் "இது நார்மலா" என்று கேட்பதற்குப் பதிலாக "முன்னைக்கு இப்போது மாறியிருக்கிறதா, எங்களுக்கு நீங்கள் எந்த எல்லையை வைத்துப் பார்க்கிறீர்கள்" என்று கேளுங்கள்.